டென்வரிலிருந்து யெல்லோஸ்டோன் வரை அப்பாவுடன் காரில்: எங்கெங்கே தூண்டில் போடலாம்?

கேள்வி: ஆரோரா_நெல்லை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் டென்வர் பக்கம் ஆரோராவில் இருக்கிறோம். அப்பா மே மாதம் ஊரிலிருந்து வருகிறார். பையனுக்கு ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன்னால் பத்துப் பன்னிரண்டு நாள் காரிலேயே வயோமிங், மொன்டானா பக்கம் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பதினோரு வயது மகன், அப்பா. இவ்வளவுதான் கூட்டம்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. சேரன்மாதேவிக்காரர், தாமிரபரணியிலேயே வளர்ந்தவர். மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயம், ஒரு சிரட்டையில் மண்புழு இருந்தால் போதும், காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழ மாட்டார். கெண்டையோ கெளுத்தியோ எது கிடைத்தாலும் அன்றைக்கே குழம்பு. போன தடவை வந்தபோது இங்கே ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்தில் இருந்தவர் பிடித்த மீனையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். "விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

என் திட்டம் இது. ஜூன் 10 வாக்கில் கிளம்பி லாரமி, ராலின்ஸ், லேண்டர், டுபாய்ஸ் வழியாக கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா. அங்கிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. வடகிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து பேர்டூத் மலைப்பாதை, கோடி (Cody) ஊர், தெர்மோபோலிஸ், காஸ்பர், வீடு. வழியில் எங்கெல்லாம் நிறுத்தித் தூண்டில் போடலாம்? எந்த லைசென்ஸ் எங்கே செல்லும்? அப்பா புழு போட்டுப் பிடித்து, சமைத்துச் சாப்பிடும்படி ஓர் இடமாவது வேண்டும். அவருக்குக் கொஞ்சம் பிரஷர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் எனக்குத் தெரியாது. சாதாரண ஸ்பின்னிங் ராடுதான்.

பதில் 1: ஃபோர்ட்காலின்ஸ்_சுந்தரம்

மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் தங்குவதைப் பற்றி மட்டும். யெல்லோஸ்டோன் உள்ளே அறைகளும் முகாம் இடங்களும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள். வரைபடத்தில் 'ஃபிஷிங் பிரிட்ஜ்' என்ற பெயரைப் பார்த்து அங்கே அப்பாவை உட்கார வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1973 முதல் அந்தப் பாலத்தில் மீன்பிடிக்கத் தடை. அங்கே உள்ள வண்டி முகாமிலும் கரடி நடமாட்டத்தால் துணிக் கூடாரம் போட விடமாட்டார்கள்.

பெப்பர் ஸ்பிரே (கரடிக்கானது) கட்டாயம் வாங்குங்கள். காருக்குள் மூட்டையில் இருந்தால் பிரயோசனம் இல்லை, இடுப்பில் இருக்க வேண்டும். கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கஜம், காட்டெருமை உட்பட மற்ற பெரிய விலங்குகளிடமிருந்து 25 கஜம். பெரியவர்களும் பிள்ளைகளும் காட்டெருமையை ஊர் எருமை என்று நினைத்துக் கிட்டே போய்விடுகிறார்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதில் 2: லாரமி_தூண்டில்

ஆரோரா_நெல்லை, உங்கள் பதிவைப் படித்ததும் உட்கார்ந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. ஜூன் 10 வேண்டாம். முடிந்தால் ஜூலை 10-க்குப் பிறகு கிளம்புங்கள். இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு மழையைவிடப் பனிதான் முதலாளி. குளிர்காலம் முழுக்க மலைமேல் சேர்ந்த பனி மே கடைசியிலும் ஜூனிலும் உருகி மொத்தமாக இறங்கும். லாமார், ஸ்னேக், ஷோஷோனி எல்லாம் அப்போது பால் விட்ட டீ நிறத்தில், கரையைத் தொட்டுக்கொண்டு, மரக்கட்டைகளை இழுத்துக்கொண்டு ஓடும். மீனுக்குத் தூண்டில் தெரியாது, கரையில் நிற்பவருக்கும் பத்திரமில்லை. 2022 ஜூனில் பனி உருகலோடு மழையும் சேர்ந்து யெல்லோஸ்டோனின் வடக்கு வாசல் சாலையையே அடித்துக்கொண்டு போனது. ஜூலை நடுவில் அதே ஆறுகள் தெளிந்து, கூழாங்கல்லை எண்ணும்படி ஓடும்.

விடுமுறையை மாற்றவே முடியாது என்றால் ஜூனில் ஏரிகளை நம்புங்கள். ஆறு வேண்டும் என்றால் அணைக்கு அடியில் ஓடும் ஆறு. காஸ்பருக்கு மேற்கே வட பிளாட் நதியில் கிரே ரீஃப் என்ற இடம் அப்படிப்பட்டது. தண்ணீர் அணையிலிருந்து வருவதால் கோடையிலும் குளிர்ச்சி. திரும்பும் வழியில் காஸ்பரிலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும்.

இனி வழி. லேண்டரில் முதல் இரவு தங்குங்கள். டென்வரிலிருந்து கிட்டத்தட்ட 350 மைல், நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். ஊரை ஒட்டி சிங்க்ஸ் கேன்யன் என்று ஒரு ஸ்டேட் பார்க். அங்கே பொபோஜியா ஆறு சுண்ணாம்புப் பாறையில் உள்ள ஒரு குகைக்குள் பாய்ந்து காணாமல் போய்விடும். கால் மைல் கீழே ஓர் அமைதியான மடுவில் திரும்ப மேலே வரும். சாயம் கலந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கால் மைலைக் கடக்கத் தண்ணீருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் எங்கே சுற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த மடுவில் முழங்கை நீளத்துக்கும் மேலான ட்ரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் மீன் வகை) கூட்டம் கூட்டமாக நிற்கும். அங்கே தூண்டில் போடக் கூடாது. மேலே மேடையில் நின்று தீனி மட்டும் போடலாம். பேரன் கையில் தீனியைக் கொடுத்து அப்பாவைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இந்த ஊர் ட்ரவுட் எப்படி நிற்கும், நீரோட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்து எப்படி இரையை எதிர்பார்க்கும் என்பதை அவர் அங்கேயே படித்துவிடுவார். ஆற்றில் மீன் பிடித்தவர் கண்ணுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

லேண்டரிலிருந்து டுபாய்ஸ் போகும் சாலை விண்ட் ரிவர் பழங்குடி நிலத்தின் வழியாகப் போகிறது. அங்கே வயோமிங் லைசென்ஸ் செல்லாது, பழங்குடியினரின் தனி அனுமதி வேண்டும். திரும்பும்போது தெர்மோபோலிஸுக்குத் தெற்கே வரும் விண்ட் ரிவர் கேன்யனுக்கும் அதே சட்டம். சாலையோரம் எவ்வளவு அழகான மடு தெரிந்தாலும் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். அது அவர்கள் நிலம், அவர்கள் மீன்.

வயோமிங்கில் இன்னொரு விஷயம். தனியார் நிலத்துக்குள் ஓடும் ஆற்றின் அடித்தரையும் நிலக்காரருடையது. படகில் மிதந்து போகலாம். காலை ஊன்றினால் அத்துமீறல். அதனால் மீன்வளத் துறையின் பலகை வைத்த பொது இடங்களில் மட்டும் இறங்குங்கள். லைசென்ஸ் உங்களுக்கும் அப்பாவுக்கும் வெளிமாநிலத்தார் என்ற கணக்கில் வேண்டும். பையனுக்கு 14 ஆகவில்லை. லைசென்ஸ் உள்ள பெரியவர் கூட இருந்தால் அவனுக்குத் தேவையில்லை. ஆனால் அவன் பிடித்து வைத்துக்கொள்ளும் மீன் உங்கள் கணக்கில் சேரும்.

கிராண்ட் டீட்டனில் வயோமிங் லைசென்ஸே போதும். அங்கே மலையைப் பாருங்கள், பையனை ஸ்ட்ரிங் லேக்கில் குளிக்க விடுங்கள், தூண்டிலுக்கு அவசரம் இல்லை.

யெல்லோஸ்டோன் உள்ளே நுழைந்ததும் கதை மாறுகிறது. மாநில லைசென்ஸ் எதுவும் அங்கே செல்லாது, பார்க்கின் தனிப் பெர்மிட் வாங்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே இருந்தால் காசில்லை. புழு கூடாது. ஈயம் கூடாது, அப்பாவின் பெட்டியிலிருந்து அதைத் தனியாக எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாத்தும் அன்னமும் விழுங்கிச் செத்துப்போகும் என்பதால் அந்தத் தடை. தூண்டில் முள்ளின் உட்பக்கம் மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் சின்னக் கூர் இருக்குமே, அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். கம்பளி அடி வைத்த ஆற்றுச் செருப்பும் தடை. ஃபயர்ஹோல், மேடிசன் ஆறுகளில் ஃப்ளை மட்டும்தான், ஸ்பின்னர் என்ற சுழலும் உலோக இரை கூடாது. வெந்நீர் ஊற்றுகள் கலப்பதால் ஃபயர்ஹோல் ஜூலையில் சூடேறி மீன் தவித்துப்போகும், அதை விட்டுவிடுங்கள்.

இப்போது உங்களுக்கான நல்ல செய்தி. மேமத் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே கார்ட்னர் ஆறு, இந்தியன் கிரீக், பாந்தர் கிரீக், அப்சிடியன் கிரீக் என்று சின்னச் சின்ன ஓடைகள் இருக்கின்றன. அங்கே மட்டும் 11 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் மண்புழு போடலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்குச் சரியாகப் பதினொன்று! போகும் வருடத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், பையனின் பிறந்தநாளையும் பாருங்கள். தாத்தா தூண்டிலைப் பிடிக்கக் கூடாது, ஆனால் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புழுவை எப்படிக் கோப்பது, வால் துடிக்கும்படி எவ்வளவு விடுவது, தக்கை எப்போது உண்மையில் அமிழ்கிறது, எப்போது ஓட்டம் இழுக்கிறது என்று சொல்லிக்கொடுக்கலாம். இந்தப் பயணத்தில் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அந்த ஓடைகளில் கிடைப்பது பெரும்பாலும் புரூக் ட்ரவுட். இந்த மீனை அப்பாவுக்கு அடையாளம் காட்டிக் கொடுங்கள். கரும்பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெளிர்க் கோடுகள். பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. வயிற்றுப் பக்கத் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு தடவியதுபோல் பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளை விளிம்புதான் முக்கியம். இது அமெரிக்காவின் கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், இங்கே உள்ளூர் மீனை நெருக்குகிறது. சாப்பிட்டால் ஆற்றுக்கு நல்லதுதான். மாறாக, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஆரஞ்சு கலந்த சிவப்புக் கீறல் இருந்தால் அது கட்த்ரோட் ட்ரவுட், இந்த மலையின் சொந்த மீன். யெல்லோஸ்டோனில் அதைக் கட்டாயம் விட வேண்டும்.

அப்பாவே புழு போட்டு, பிடித்து, பொரித்துச் சாப்பிட பேர்டூத். வடகிழக்கு வாசலைத் தாண்டி குக் சிட்டி வழியாக ஏறினால், மலைக் கணவாய்க்கு முன்பே சாலையை ஒட்டி பேர்டூத் லேக், ஐலண்ட் லேக் என்று ஏரிகள் வரும். அந்தப் பகுதி வயோமிங், உங்கள் வயோமிங் லைசென்ஸ் செல்லும். புரூக் ட்ரவுட் உண்டு, அதற்கு அனுமதிக்கும் எண்ணிக்கையும் தாராளம். கையகல மீன்தான், ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சதை உறுதியாக இருக்கும். செதிலை உரசி எடுக்க வேண்டிய வேலையே இல்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய். முள் மெல்லிசு, பையனுக்குப் பார்த்துக் கொடுங்கள். சமைத்த பிறகு சட்டி, எண்ணெய், மீன் கழுவிய துணி எதையும் வெளியில் வைக்கக் கூடாது, கூடாரத்துக்குள்ளும் கூடாது. கரடிப் பெட்டியிலோ பூட்டிய காரிலோ வையுங்கள்.

உயரம் பற்றி. பேர்டூத் கணவாய் 10,947 அடி. அப்பா டென்வரில் சில வாரம் இருந்துவிட்டு வருவது உதவும். ஆனாலும் மேலே நடக்க வைக்காமல், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கரையிலேயே உட்கார வையுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள். இரவு கீழே இறங்கித் தங்கலாம். கிளம்பும் முன் அவர் டாக்டரிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். மடக்கு நாற்காலி, கம்பளித் தொப்பி; ஜூலையிலும் அங்கே பனித்திட்டு கிடக்கும்.

தெர்மோபோலிஸில் அரசு குளியல் கூடம் இருக்கிறது, இலவசம். 1896இல் ஷோஷோனி, அரபஹோ பழங்குடி மக்களிடமிருந்து அந்த வெந்நீர் ஊற்று கைமாறியபோது எழுந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. அப்பா முழங்காலுக்கு நல்லது.

பதில் 3: போஸ்மன்_அக்கா

லாரமி தம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மொன்டானா பக்கம் திரும்பினால் என்ன என்று மட்டும் சேர்க்கிறேன்.

ஜூலைக்கு மாற்றுங்கள், ஆனால் ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள். வெயில் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். அப்போது பிடித்து விடுகிற ட்ரவுட் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் இங்கே மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஆற்றில் மீன்பிடியை நிறுத்திவிடுவார்கள். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி நூலில் கட்டி வையுங்கள். அரசு தடை போடும்வரை நான் காத்திருக்க மாட்டேன், 68 தாண்டினாலே தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

வயோமிங்குக்கு நேர்மாறாக, மொன்டானாவில் 1985 சட்டப்படி பாலத்தடியிலோ பொது வழியிலோ ஆற்றுக்குள் இறங்கிவிட்டால், வழக்கமான வெள்ளக்கோட்டுக்குள் தனியார் நிலம் வழியாகவும் நடக்கலாம். கரைமேல் ஏறக் கூடாது. இங்கே லைசென்ஸ் தனி.

யெல்லோஸ்டோனின் மேற்கு வாசல் பக்கம் ஒரு பகல் கிடைத்தால் குவேக் லேக் பாருங்கள். 1959 ஆகஸ்ட் 17 இரவு நிலநடுக்கத்தில் ஒரு மலைச்சரிவு அப்படியே மேடிசன் ஆற்றில் விழுந்து அடைத்து உருவான ஏரி. முகாமிட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. பையனுக்குப் புவியியல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆரோரா_நெல்லை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. மனைவியும் சேர்ந்து படித்தாள். புழு ஓடை பற்றிச் சொன்னதும் அப்பாவுக்கு போன் செய்துவிட்டேன். அவர் உடனே கேட்டது, "சரி, அந்தச் சிவப்புக் கீறல் மீன் பெரிசா இருந்தாலும் விடணுமா?" என்ன சொல்வது?

லாரமி_தூண்டில்

ஆமாம், விட வேண்டும். காரணத்தை அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

யெல்லோஸ்டோன் ஏரியில் ட்ரவுட் என்றால் கட்த்ரோட் மட்டுமே இருந்த காலம் உண்டு. முட்டை போட அது ஏரியை விட்டு ஆழமில்லாத ஓடைகளில் ஏறும். அப்போது கரடி, கழுகு, விரால் அடிப்பான், நீர்நாய் எல்லாம் அதைத் தின்று பிழைத்தன. 1994இல் அந்த ஏரியில் லேக் ட்ரவுட் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரோ கொண்டுவந்து விட்டது. அது கட்த்ரோட்டைத் தின்கிறது. ஆனால் தானோ ஆழத்தில் வாழ்ந்து, ஓடை ஏறாமல் ஏரிக்குள்ளேயே முட்டை போடுவதால் எந்தக் கரடிக்கும் கிடைப்பதில்லை. கட்த்ரோட் குறைந்ததும் ஓடைக்கரைக்கு வந்துகொண்டிருந்த கரடிகள் வேறு இரை தேடிப் போயின. அதனால்தான் பார்க் நிர்வாகம் வருடா வருடம் வலைபோட்டு லேக் ட்ரவுட்டை அள்ளுகிறது. அந்த ஏரியில் லேக் ட்ரவுட் மாட்டினால் திரும்ப விடவே கூடாது, கொல்ல வேண்டும் என்பது சட்டம். அப்பாவுக்கு அது பிடிக்கும்! ஜூலையில் அது ஆழத்துக்குப் போய்விடும் என்பதால் பிரிட்ஜ் பே படகுத்துறையில் படகு எடுத்தால்தான் வாய்ப்பு.

இந்த ஊர்க்காரர்கள் எல்லா மீனையும் விடுகிறவர்கள் இல்லை, சிலதை விடச் சொல்கிறார்கள், சிலதைத் தின்னச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். முட்டை வயிற்று மீனை விட்டுவிடும் பழக்கம் நம்மூர் ஆற்றிலும் சில பெரியவர்களுக்கு உண்டு. எங்கள் தாத்தா அப்படித்தான்.

விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, மூக்கு நீரோட்டத்தைப் பார்க்கும்படி லேசாகத் தாங்கிப் பிடித்தால் அதுவே உதறிக்கொண்டு போய்விடும்.

ஆரோரா_நெல்லை

சொல்லிவிட்டேன். "கரடிக்குன்னா விடலாம்" என்றார். ஜூலை 12 கிளம்புவதாக ஆபீசில் விடுப்பு மாற்றிக் கேட்டிருக்கிறேன். பையனுக்குப் பிறந்தநாள் செப்டம்பரில்தான், அதனால் புழு விதிக்குள் வருகிறான். தெர்மாமீட்டரும் குறடும் வாங்கியாயிற்று. லேண்டரில் அறை கிடைத்துவிட்டது, மேமத் பக்கம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேதிகளில் யாராவது முன்பதிவை ரத்து செய்வதாக இருந்தால் இங்கே ஒரு வார்த்தை போடுங்கள்.